உறியில் தொங்கிய ரொட்டி

ஒரு ரொட்டிக்காக நான் குர்ஆன் ஓதித் தரும் லெப்பையோடும், மாமியோடும், கடைசியில் என் வாப்பாவோடும் சண்டை பிடித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. மூன்று சண்டையிலும் நியாயம் என் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் குரலைத் தணித்துச் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் வீடு. வாப்பா கல்முனை பஸாரில் தையல்காரர். அவருடைய கடைக்கு வரும் வாத்தியார் ஒருவர், சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வரும் வழுவழுப்பான சஞ்சிகைகளை வாசித்து முடித்ததும் கொடுத்துவிட்டுப் போவார். வாப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது எங்கள் அறிவு வளரட்டும் என்றல்ல, பாடக் கொப்பிகளுக்கு உறை போட. என் கணக்குக் கொப்பிக்கு உஸ்பெகிஸ்தான் வாய்த்தது.

கணக்குப் பாடத்தில் எனக்கு உறையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. நீலக் குவிமாடம் வைத்த பள்ளிவாசல். நாலு மூலைத் தொப்பி போட்ட கிழவர்கள் கட்டில் மாதிரி ஒன்றில் சம்மணமிட்டு, பிடியில்லாத கோப்பைகளில் தேயிலை குடித்தார்கள். பெண்பிள்ளைகளின் தலையில் எண்ணி முடியாத பின்னல்கள். அவர்கள் உடுத்திருந்த பட்டில் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் கசிந்திருந்தது. சாயம் போன துணி என்றேன் நான். வாப்பா கொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூலை இடையிடையே கட்டிச் சாயம் போட்டுப் பிறகு நெய்திருக்கிறார்கள் என்றார்.

கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவர். ஆணியில் வட்டமான ஒரு ரொட்டி தொங்கியது, ஓரத்தில் ஒரு வாய் கடித்தபடி. கீழே எழுதியிருந்தபடி, தூரப் பயணம் போகிறவர் அப்படிக் கடித்துவிட்டுப் போவாராம். மிச்சத்தை வீட்டார் தொங்கவிட்டுக் காப்பார்களாம். அவர் திரும்பி வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டுமாம்.

அந்த மாதம்தான் உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்தா. எங்கள் ஒழுங்கைத் தெருவிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒருத்தி திரும்பி வரவே இல்லை. ஏன் என்று அவளுடைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. என் உம்மாவை அப்படி விட்டுவிட நான் தயாராக இல்லை.

போகிற நாள் காலையில் அடுப்படியில் போய் நின்று, கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போடாமல் தடிப்பாக ஒரு ரொட்டி சுடச் சொன்னேன்.

"தேங்காப்பூ இல்லாத ரொட்டிய நாய் தின்னுமா?" என்றா உம்மா.

"தேங்காப்பூ போட்டா ரெண்டு நாள்ல பழுதாப் போயிரும். நீங்க ரெண்டு வருசம் கழிச்சித்தானே வருவீங்க?"

உம்மா மாவை எடுத்துப் பிசைந்தா. படத்து ரொட்டியின் நடுவில் பூப்பூவாகக் குத்தியிருந்தது. நானும் உம்மாவின் பயணப் பையிலிருந்த புதுச் சீப்பை எடுத்துப் பூக் குத்தினேன். அதற்கு ஒரு குட்டுக் கிடைத்தது.

உம்மாவை ஏற்றிப்போக வான் வண்டி வந்து நின்றதும் ரொட்டியை நீட்டினேன். "வெளையாடாத புள்ள" என்று தள்ளினா. நான் கையிரண்டையும் விரித்து வாசலை மறித்தேன்.

"கடிக்காட்டி நீங்க போகேலாது."

வாப்பா அதட்டினார். வான்காரர் ஹோர்ன் அடித்தார். நான் அசையவில்லை. உம்மா குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஓரத்தில் சின்னதாக ஒரு கடி கடித்தா. வாயில் ரொட்டியோடு வானில் ஏறியதால் அவவால் யாருக்கும் சலாம் சொல்ல முடியவில்லை. ரொட்டியை நான் அடுப்படி முகட்டிலிருந்த உறியில் தொங்கவிட்டேன்.

விஷயம் ஓதப்பள்ளிக்கு எட்டியது. எட்டவைத்தவளும் நான்தான்.

"ரொட்டியா உன்ட உம்மாவக் கொண்டாறது? கொண்டாறவன் அல்லாஹ்," என்றார் லெப்பை. "இது ரசியாக்காரன்ட வேல. அவனுகளுக்கு மார்க்கமே இல்ல."

"இவங்க முஸ்லிம்தான், லெப்பை. பள்ளியும் இரிக்கி, பாருங்க" என்று கொப்பியை நீட்டினேன்.

அவர் அந்த நீலக் குவிமாடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, எதிர்த்துக் கதைத்ததற்காக ஒரு கிழமை முழுதும் நின்றபடி ஓதச் சொன்னார். ஓதினேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாக ஓதினேன்.

அடுத்தது மாமி, வாப்பாவின் தங்கை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணம் முடித்த ஆண்தான் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பான். வாப்பாவும் அப்படி வந்தவர்தான். உம்மா போன பிறகு, பக்கத்து வளவிலிருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, எங்களுக்குச் சமைத்துத் தந்தா. மாமியோ வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து வாப்பாவிடம் தணிந்த குரலில் கதைப்பா.

"பொஞ்சாதி இல்லாத ஊட்டுல ஆம்புளைக்கி என்ன வேல? நம்மட ஊட்டுக்கு வாங்க காக்கா."

ஒரு வெள்ளிக்கிழமை மாமியின் கண் உறியில் விழுந்தது. எலி வரும், எடுத்து வீசு என்று கையை நீட்டினா. நான் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"இது எங்கட உம்மாட ஊடு. உறியில கை வெச்சிப் பாருங்க."

அடி விழப்போகிறது என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். வாப்பா கையை ஓங்கவே இல்லை. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டா.

மாரி மழை தொடங்கியது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உறியைப் பார்த்தால் ரொட்டி வெள்ளையாக இருந்தது. இறக்கிப் பார்த்தேன். என் சீப்புப் பூக்களைக் காணவில்லை. துணியில் வெட்டு அடையாளம் போடும் பல் சில்லுச் சக்கரத்தை உருட்டியதுபோல் நேர் வரிசையில் குத்துகள், தையல் போட்ட மாதிரி. ஓரம் கருகியிருந்தது. கடியோ உம்மாவின் கடியைப் போல் இரண்டு மடங்கு.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஒரு துணிப்பையோடு வந்தார். தையல் வேலை மிஞ்சினால் அப்படித்தான் வருவார். படியேறவும் விடவில்லை நான்.

"இது உம்மாட கடி இல்ல!"

"அது மழைக்கிப் பூஞ்சணம் பூத்துப் போயிட்டு மகள். அதான் வேற ஒண்டு சுட்டன்."

"யாரு கடிச்ச?"

"நான்தான்."

"நீங்க எப்பிடிக் கடிப்பீங்க? போற ஆள்தான் கடிக்கணும். அதுகூடத் தெரியாதா?"

வாப்பா என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். "தெரியும் மகள்," என்றார்.

தெரிந்துகொண்டே ஏமாற்றினாரே என்று எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. பதினொரு நாள் அவரோடு கதைக்கவில்லை. கள்ள ரொட்டி என்று அதற்குப் பேரும் வைத்தேன். அடுத்த மாரிக்கும் ஒன்று சுட்டார். அதிலும் அதே தையல் வரிசை, அதே பெரிய கடி.

உம்மா வந்தா. வந்த அன்றே உறியை இறக்கி, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தா. கடித்த இடத்தைப் பார்த்ததும் தலையைத் தூக்கி வாப்பாவைப் பார்த்தா. வாப்பா நிலத்தைப் பார்த்தார். உம்மா ரொட்டியை இரண்டாகப் பிட்டு, கடித்த பாதியை வாப்பாவிடம் நீட்டினா. அந்தக் கல்லு ரொட்டியை இரண்டு பேரும் தேயிலையில் நனைத்து நனைத்துத் தின்றார்கள். அது உங்கட கடி இல்ல உம்மா என்று நான் கத்தினேன். "ஓம் புள்ள" என்று சொல்லிவிட்டு உம்மா தின்றுகொண்டே இருந்தா.

எனக்குக் கல்யாணம் முடிந்து, உம்மா உழைத்துக் கட்டித் தந்த வீட்டில் நான் குடியிருந்தபோது, சாச்சி ஒரு நாள் மீன் அறுத்துக்கொண்டே சொன்னா. அந்த முதல் மாரியில், இறக்காமம் என்ற ஊரில் வாப்பாவுக்கு ஒரு பெண்ணைப் பேசி, கல்யாணத்துக்கு நாளும் குறித்துவிட்டாவாம் மாமி. குறித்த நாள் காலையில் வாப்பா அடுப்படிக்கு வந்து மா கேட்டாராம். ஒரு ரொட்டியைச் சுட்டு, ஒரு வாய் கடித்து, உறியில் வைத்துவிட்டு, இரண்டு சாரனும் ஒரு சேட்டும் போட்ட துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறக்காமத்துக்கு பஸ் ஏறினாராம்.

கல்யாணம் முடிக்காமலே அந்திக்குள் திரும்பி வந்துவிட்டார். வந்த மனிதரை வாசலிலேயே மறித்து வைத்துக்கொண்டுதான், போகிற ஆள்தான் கடிக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சட்டம் சொல்லியிருக்கிறேன்.