திரும்பி வந்த பஸ்

பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் என் கணவருடைய தொப்பி இருந்தது. பக்கத்தில் அவருடைய சின்னத் தோள்பை. அதற்குள் இன்சுலின் ஊசி, இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி, சீனி இறங்கினால் உடனே வாயில் போட வைத்திருந்த இனிப்புப் பொட்டலம். ஆளை மட்டும் காணவில்லை.

பிரியமானவர்களே, எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஷெல் விழுந்த காலத்தில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் இருந்தவள் நான். பயம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வெறும் ஆசனத்தைப் பார்த்தபோது வந்த பயம் வேறு. ஏனென்றால் அது என் வாயால் வந்த வினை. அதனால்தான் இந்தச் சாட்சியை ஒளிக்காமல் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் புஷ்பம். சிட்னியில் பென்டில் ஹில்லில் குடியிருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2011 ஒக்டோபரில் எங்கள் சபையிலிருந்து இருபத்திரண்டு பேர் ஜோர்தான் நாட்டுக்கு எட்டு நாள் சுற்றுலா போனோம். ஆண்டவர் ஞானஸ்நானம் எடுத்த ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் கணவருக்கு விருப்பமே இல்லை. அந்த வருடம் பக்கத்து நாடுகளிலெல்லாம் கலவரம். மகளும் பயந்தாள்.

"அங்க எல்லா இடமும் ஆமி நிக்கும். நான் வரேல்ல," என்றார் அவர். ஆமி என்றால் எங்கள் பேச்சில் இராணுவம்.

"ஆண்டவர் இறங்கின ஆத்துக்குப் போகப் பயமெண்டா, பிறகென்ன விசுவாசம்?" என்று கேட்டேன். விசுவாசத்தைத் தடியாக எடுத்து மனுசனை அடித்தேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் நாட்டில் சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸில் இருக்கும் எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து சாவடியைக் கடக்க வேண்டும். பஸ் வெறுமையாக முன்னால் போய்க் காத்து நிற்கும். அப்படி ஒரு நாள் இவரும் இவருடைய தம்பி யோகனும் இறங்கி நடந்தார்கள். இவரை விட்டுவிட்டார்கள். தம்பியை மறித்து வைத்தார்கள். இவர் பஸ்ஸில் ஏறி, தம்பி வரட்டும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பஸ் புறப்பட்டுவிட்டது. யோகன் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து பல வருடமாக அந்தப் பெயரை இவர் வாயால் சொன்னதில்லை. ஜெபத்தில்கூட இல்லை.

சிட்னிக்கு வந்து பல வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருநாள் குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று பொலிஸ் வீதியில் மறித்துச் சோதித்தது. இவர் காரை விட்டிறங்கி, லைசன்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். அந்தப் பொலிஸ்காரப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பின் சீட்டில் இருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஜோர்தானில் அழ வேண்டியிருந்தது.

பெட்ரா என்ற கல் நகரத்துக்குப் போகும் வழி ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. இரண்டு பக்கமும் சிவந்த பாறை வானம் வரைக்கும் எழும்பி நிற்கிறது. எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். இவர் என் காதுக்குள், "இதுக்குள்ள மறிச்சா ஓட இடமில்லை," என்றார். வாடி ரம் பாலைவனத்தில் மாலைச் சூரியன் மணல் முழுவதையும் குங்குமமாக்கியது. இவர் தூரத்தில் நின்ற ஒரு ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் காலை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுற்றுலாப் பொலிஸ்காரர் ஒருவர் எங்களோடு படம் எடுக்க வந்தார். இவர் கதிரையோடு நகர்ந்து ஒதுங்கிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் முன்னால், "உங்களோட வந்ததுக்கு நான் தனிய வந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டேன்.

 அவர் அப்போதுதான் ஊசி போட்டிருந்தார். சாப்பாட்டுக் கோப்பையில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். ஊசி போட்டவர் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வேலையிடத்தில் தினமும் பார்க்கிறேன். 'சாப்பிடுங்கோ' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ரோசம் விடவில்லை.

பஸ்ஸில் அவர் கடைசி ஆசனத்துக்குப் போனார். நான் முன்னால் செல்வியோடு இருந்துகொண்டேன். செல்வி நாகர்கோவில்காரி, எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவள். அன்று சாக்கடல் பக்கமாக நீளமான பாலைவன வழி. நடுவில் ஒரு இராணுவச் சாவடி வந்தது. ஒரு சிப்பாய் முன்கதவால் ஏறினார். வழிகாட்டி சமீர் காகிதத்தைக் காட்டினார். காற்றுக்காகச் சாரதி நடுக்கதவையும் திறந்துவிட்டார். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பஸ் புறப்பட்டது.

சமீர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் தந்திருந்தார். எங்கே நின்று புறப்பட்டாலும் வரிசையாக எண்ண வேண்டும். எனக்குப் பதினொன்று. இவருக்குப் பன்னிரண்டு. அன்று சாவடியிலிருந்து புறப்பட்டு என் முறை வந்தபோது, "பதினொன்று, பன்னிரண்டு," என்று இரண்டையும் நானே சொன்னேன். டொக்டரிடம், பாங்கில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், முப்பத்தெட்டு வருடமாக அவருக்கும் சேர்த்து நான்தானே பதில் சொல்கிறேன். கோபத்தில் பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, ஒரு மலையடிவாரத்தில் நின்றோம். ஊர் அழிந்தபோது திரும்பிப் பார்த்ததால் உப்புத் தூணாகிப் போன பெண் என்று அங்கே ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். சமீர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மனுசன் இன்னும் இறங்கவில்லையே என்று நான் பின்பக்கம் போனேன். தொப்பி. தோள்பை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துக் கெட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் கெட்டேன்.

"அக்கா, அண்ணன் எங்க?" என்று செல்வி கேட்டாள்.  அவர் எங்கே இறங்கியிருப்பார் என்று அந்தக் கணமே விளங்கிவிட்டது. சாவடியைக் கண்டதும் எழும்பியிருப்பார். பாஸ்போட்டைக் கையில் எடுத்திருப்பார். இறங்கி நடந்திருப்பார்.

சமீர் ஓடி ஓடி ஒவ்வொரு தொலைபேசி இலக்கத்துக்கும் போன் எடுத்தார். முதலில் சிக்னல் இல்லை. பிறகு எடுத்தவருக்குத் தெரியவில்லை. எனக்குள் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு மூன்று மணித்தியாலம். சாப்பாடு பாதி. வெயில் கொளுத்துகிறது. முதலில் கை நடுங்கும். பிறகு வியர்க்கும். பிறகு வாய் குழறும். பார்ப்பவர்கள் குடிகாரன் என்று நினைப்பார்கள். குடிகாரன் என்று நினைத்து அடித்தால்? ஓட வெளிக்கிட்டு அவர்கள் சுட்டால்?

மண்ணில் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, அவரை ஆமிக்காரற்ற கையில மட்டும் குடுத்திடாதையும். வேற ஆரின்ர கையில எண்டாலும் குடும்," என்று கதறினேன். அந்த ஒரே ஜெபம்தான். வேறு ஒன்றும் வரவில்லை. செல்வி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடைசியில் போன் கிடைத்தது. சமீர் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். உங்கள் கணவர் இராணுவத்திடம் இருக்கிறார் என்றார்.

நான் அழத் தொடங்கினேன். எதைத் தரவேண்டாம் என்று கெஞ்சினேனோ அதையே ஆண்டவர் தந்துவிட்டார் என்று நினைத்தேன். நான் ஆறுதலில் அழுகிறேன் என்று அந்த நல்ல மனிதர் நினைத்துத் தண்ணீர் தந்தார்.

எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள், பஸ்ஸைத் திருப்பச் சொல்லி. அன்றைக்குப் பார்க்க இருந்த இடமெல்லாம் போகட்டும் என்றார்கள். வந்த வழியே திரும்பினோம். ஒருவரும் பாடவில்லை. நான் அவருடைய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நல்ல சொல் ஒன்று அவருக்கு நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் போல் என் ஆயுளில் ஒரு மணித்தியாலம் இல்லை.

சாவடி தெரிந்தது. துப்பாக்கியோடு இரண்டு பேர்.  செல்வி ஒரு பக்கமும் சமீர் மறுபக்கமுமாக என்னைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு சின்ன அறை. இரும்புக் கட்டில். அதில் என் கணவர் சாய்ந்து இருந்தார். நெற்றியில் ஈரத் துணி. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர்க் கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய துப்பாக்கி மூலையில் சாத்தியிருந்தது.

"அவங்கள் எனக்கு அடிக்கேல்ல, புஷ்பம். தேத்தண்ணி தந்தவங்கள்," என்றார் இவர்.

நடந்ததைச் சமீர் கேட்டுச் சொன்னார். இவர் நடுக்கதவால் இறங்கி, சாவடிக்குப் பக்கத்துச் சுவரின் பின்னால் நடந்திருக்கிறார். மறுபக்கம் வந்தபோது பஸ் இல்லை. எங்கள் ஊரில்போல முன்னால் போய்க் காத்து நிற்கும் என்று நினைத்து வெயிலில் நடந்துகொண்டே போயிருக்கிறார். மேடு தாண்டி விழுந்துவிட்டார். காவல் மாறி ஜீப்பில் வந்த இந்தச் சிப்பாய்தான் கண்டிருக்கிறார். குடிகாரன் என்று கூட வந்தவர் சொல்ல, இந்தப் பிள்ளை மறுத்திருக்கிறது. அவருடைய தாய்க்கும் சீனி வருத்தமாம். அந்த வியர்வையும் நடுக்கமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டு, கரண்டி கரண்டியாகப் பருக்கியிருக்கிறார்.

வேறு யாருடைய கையில் கிடைத்திருந்தாலும் என் கணவர் இன்றைக்கு இல்லை. நான் எந்தக் கையை வேண்டாம் என்றேனோ அந்தக் கையில் ஆண்டவர் கரண்டியைக் கொடுத்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டு, எனக்கும் ஒரு தேத்தண்ணீர் ஊற்றினார்.

பஸ்ஸில் ஏறிய பிறகு இவர் யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "பஸ் திரும்பி வருமெண்டு அந்தப் பிள்ளை சைகையில சொல்லிக்கொண்டிருந்தவன். நான் நம்பேல்ல. பஸ் திரும்பி வாறேல்லையெண்டு எனக்குத் தெரியும்தானே." திரும்பி என்னைப் பார்த்தார். "ஆனா வந்திட்டுது," என்றார். பிறகு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

அடுத்த நாள் காலை இலக்கம் எண்ணினார்கள். பதினொன்று என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்து ஆசனத்திலிருந்து, "பன்னிரண்டு," என்றார். பஸ் முழுவதும் கைதட்டியது. இப்போதெல்லாம் டொக்டரிடமும் அவரே பேசுகிறார். நான் குறுக்கே விழாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு லேசில்லை.

பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் பொலிஸ் மறித்தபோது அவருடைய கை கதவுப் பிடிக்குப் போனது. நான் சிரிக்கவில்லை. கை திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது. இருந்த இடத்தில் இருந்தே கண்ணாடியை இறக்கினார்.

அன்புக்குரியவர்களே, உங்களுக்கும் ஒரு பயம் இருக்கும். கொண்டுபோய் ஆண்டவரிடம் சொல்லுங்கள், அழுங்கள், கெஞ்சுங்கள். ஆனால் எந்தக் கையால் தர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நான் சொல்லிக் கொடுத்தேன். நல்ல வேளையாக அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

போன ஞாயிறு வீட்டு ஜெபத்தில் இவர் முதல் தடவையாகச் சத்தமாக ஜெபித்தார். முதலில் பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்ப் பிள்ளைக்காக. அடுத்து கொஞ்சம் நிறுத்தி, மூச்சு எடுத்து, "என்ர தம்பி யோகனுக்காக," என்றார். நான் குறுக்கிடாமல் இருந்து, அவர் முடித்த பிறகு ஆமென் சொன்னேன்.