மாமா கழற்றிவைத்த பிரேக்

என் புதுத் தூண்டில் ரீலைக் கையில் வாங்கியதும் மாமா செய்த முதல் காரியம், நூல் சுற்றும் அதன் ஸ்பூலை ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியதுதான். சர்ர்ர் என்று கொஞ்ச நேரம் ஓடி நின்றது. கெட்டிக்காரப் பிள்ளையை மட்டமான பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதைக் கண்டவர் போல அவர் முகம் வாடிவிட்டது. "ஏனுங் அம்மணி, இது சீக்கிரமா நின்னுபோகுதுங்களே. இன்னுங் கொஞ்சம் ஃப்ரீயாச் சுத்தோணுமுங்க" என்றார். அந்த யோசனை அவருக்கு வந்தது அந்த நொடியில்தான். நான் அப்போதே ரீலைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். வெள்ளகோவிலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் புகைந்துபோன கிணற்று மோட்டார்களெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். சுற்றுகிற எந்தப் பொருளுக்கும் அவர் அகராதியில் ஒரே ஒரு நல்ல குணம்தான் உண்டு, ஃப்ரீயாகச் சுற்றுவது. உரசல் என்பது ஒரு நோய். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கோயமுத்தூரிலிருந்து கரூர் ரோடு வரைக்கும், லேத் சத்தம் கேட்டு வளர்ந்த ஒவ்வொருவருக்கும் கடையிலிருந்து வரும் மிஷின் பாதிதான் முடிந்திருக்கிறது, மீதியை நாம்தான் முடிக்க வேண்டும் என்ற எண்ணம் ரத்தத்தில் இருக்கிறது. நானே ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பக்கத்து மேஜைக்காரர் புது மிக்ஸியை ஒரு தடவைகூட ஓட்டாமல் பிரித்துப் பார்த்ததைக் கண்ணால் கண்டவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இந்தப் பொங்கல் சமயத்தில், அந்த ரீலை மாமா மறுபடி கையில் எடுப்பாரா என்பதுதான் அக்கா வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், அதை அவர் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது என்பதுதான் என் ஒரே கேள்வியாக இருந்தது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கோயமுத்தூர் உக்கடம் குளக்கரையில். ஒருவர் தூண்டிலை வீசினார். சாதாரண ரீல் தூண்டில் கம்புக்கு அடியில் தொங்கும், நூல் தானாகப் பிரிந்து போகும். இவருடையது கம்புக்கு மேலே உட்கார்ந்திருந்தது. நூல் போகப் போக ஸ்பூலே சுழன்றது, அவர் கட்டைவிரல் அதன்மேல் பட்டும் படாமலும் இருந்தது. இரை எங்கே விழ வேண்டுமோ அங்கே விரலை அழுத்தினார், அப்படியே நின்றது. பெய்ட்காஸ்டிங் ரீல் என்று அன்றைக்குத்தான் தெரியும். அதன்பிறகு மாதக்கணக்கில் தூக்கத்தில்கூட அதே பேச்சு. விரால் மீனுக்குப் போவதென்றால் இரையாகக் கனமான ரப்பர் தவளை, தடித்த பின்னல் நூல், பாசிக்குள்ளிருந்து இழுத்துவர வலுவான பல்சக்கரம் வேண்டும். இரை எடை குறைந்தால் இந்த ரீல் நம்மைப் படுத்தி எடுக்கும், அதனால் பழகுகிறவர்கள் கனமான இரையில் தொடங்குவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். ஸ்பூலின் பக்கவாட்டில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது அவை வெளியே தள்ளிக்கொண்டு விளிம்பில் உரசும். அந்த உரசல்தான் உயிர். இரை காற்றில் தளரும்போது ஸ்பூலும் தளர வேண்டும். இரை தளர்ந்து ஸ்பூல் தளராவிட்டால், போக இடமில்லாத நூல் உள்ளேயே குமிந்து, சீப்பில் சிக்கிய முடி மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் படித்து, பார்த்து, நாலு பேரை நச்சரித்துக் கேட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கைப்பிடி வலது பக்கம் இருப்பது. வெள்ளகோவிலுக்குக் கொண்டுபோனேன், ஏனென்றால் விரால் அங்கேதான் இருந்தது. மாமாவின் அண்ணன் தோட்டத்தை ஒட்டி ஒரு பாறைக்குழி. கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று, ஓரமெல்லாம் பாசி மண்டிக் கிடக்கும்.

ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து கடைப் பக்கம் போனால், என் ரீல் ஒரு கிண்ணம் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தது. பேரிங்கிலிருந்த கிரீஸையெல்லாம் கழுவிவிட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "மாமா!" என்று கத்தினேன். அவர் நிமிராமல், "ஒரு அஞ்சு நிமிசமுங் அம்மணி" என்றார். பூட்டி முடித்துச் சுண்டினார். ஸ்பூல் ஓடியது, ஓடியது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பிரசவம் பார்த்த டாக்டரின் சிரிப்பு. மேஜை ஓரத்தில் ஒரு மாத்திரை டப்பியில் அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள் கிடந்தன. "இதெல்லாம் என்னத்துக்குங்க? சும்மா உரசிட்டே கிடந்துது. கழட்டிப்போட்டேன்."

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எங்கள் பக்கத்து ஓடுகளையெல்லாம் ஆட்டிவைக்கும் காற்று. அந்தக் காற்றுக்கு எதிராக, பிரேக் இல்லாத ரீலை, குழியின் விளிம்பில் நின்று மாமா வீசினார். தவளை பத்தடி போய்க் காற்றில் முட்டி விழுந்தது. ஸ்பூல் மட்டும் தாராபுரம் வரைக்கும் போகிற வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ரீல் வாயைத் திறந்து நூலைக் கக்கியது. பின்னால் மாடு ஓட்டிக்கொண்டு வந்த அவர் அண்ணன் நின்று பார்த்தார். "ஏப்பா, நீ மீனு புடிக்க வந்தியா, சந்தகை புழிய வந்தியா?" சந்தகை என்றால் எங்கள் பக்கத்து இடியாப்பம். மாமா மரியாதை குறையாமல், "காத்துங்ணா" என்றார். "காத்து எனக்குந்தான் அடிக்குது. என் மாடு சிக்கிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அன்றைக்குப் பொழுதுக்கும் நான் ஊசியும் கையுமாகச் சிக்கெடுத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த யோசனையைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

டப்பியிலிருந்த கட்டைகளை நானே எடுத்துப் பூட்டினேன். பக்கத்துத் திருகையும் இறுக்கி, தவளை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற மாதிரி வைத்துக்கொடுத்தேன். நான் வீசினால் அழகாகப் போனது. மாமா வீசினால் அப்போதும் சிக்கியது! முன்பைவிடக் குறைவு, ஆனாலும் சிக்கியது. "கட்டைவிரல், மாமா, கட்டைவிரல்! நூல் தளர்ந்து மேலே எழும்பும்போது விரலுக்குத் தெரியுமுங்களே, அப்ப லேசாத் தொடுங்க!" என்று தொண்டை வறளச் சொன்னேன். "தொடறேனுங்க" என்பார். தொட மாட்டார், அல்லது தொட்டு நசுக்குவார். இதிலிருந்து அவர் கண்டுபிடித்த முடிவு என்ன தெரியுமா? "பாத்தீங்களா அம்மணி, பிரேக் இருந்தும் சிக்குது, இல்லைன்னாலும் சிக்குது. அப்பறம் அது எதுக்குங்க?" ரீலை அங்கேயே விட்டுவந்திருந்தேன், அடுத்த முறை நான் போனபோது கட்டைகள் மறுபடியும் டப்பிக்குள் இருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குழியில் குதித்திருப்பேன். நான் அந்த வருஷம் இரண்டு விரால் பிடித்தேன். மாமா ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஆனால் நான் பிடித்ததை வாளியில் வைத்து, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நம்ம ரீலுங்க, நாந்தான் ஃப்ரீ பண்ணிக் கொடுத்தேன்" என்று காட்டிக்கொண்டு வந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது சங்கிலி நழுவியது. மாமா கிணற்றுமேட்டுச் சிமென்டில் வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். மெல்லத் திருப்பலாம், சுற்றலாம், அது பயிற்சிதான், ஆனால் வெடுக்கென்று இழுக்கவோ வீசவோ கூடாது என்றார் டாக்டர். மாமா கேட்டது 'கூடாது' என்ற சொல்லை மட்டும்தான். கடையின் ஷட்டர் இறங்கியது. தேடி வந்த தோட்டக்காரர்களை, "வேற பக்கம் பாருங்க" என்று கட்டிலில் இருந்தபடியே அனுப்பினார். அக்கா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஃபேன்ல கடகடன்னு சத்தம் வருது கண்ணு. அதைக்கூட நிமுந்து பாக்க மாட்டீங்கறாரு." அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரைகிற ஃபேனைப் பார்த்தும் கழற்றாமல் இருக்கிற மாமாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பொங்கலுக்குப் போனபோது ரீலைக் கம்போடு கட்டில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பொழுது சாயும் நேரத்தில் வாசலிலிருந்து குரல் வந்தது. "ஏனுங் அம்மணி, இந்தக் கைப்பிடிய இந்தப் பக்கம் மாத்திப்போட்டா, இடது கையில சுத்தலாமுங்களே?" அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நான் நானாயிற்றே, சும்மா இருக்க முடியுமா? மாற்ற முடியாது மாமா, சாதாரண ரீலில் கைப்பிடியைக் கழற்றி அந்தப் பக்கம் போடலாம், இதில் பல்சக்கரமெல்லாம் ஒரே பக்கம், இடது கைப்பிடி வேண்டுமென்றால் வாங்கும்போதே அப்படி வாங்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். "முடியாதுன்னு எதுவுமில்லீங்க. குறுக்கால ஒரு சாஃப்ட்டு உட்டாப் போச்சு." வாசல் தரையில் சாக்பீஸால் படம் வரைய ஆரம்பித்துவிட்டார், அதுவும் இடது கையால். நான் கோயமுத்தூர் வந்த பிறகும் அந்தப் படங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. நான் பதிலுக்கு இடது கைப்பிடி ரீல்களின் படங்களை அனுப்பினேன். "இருக்கறத உட்டுப்போட்டுப் புதுசு என்னத்துக்குங்க?" என்பார் மாமா. "சரி, வீசறது எப்படிங்க?" என்பேன். "ரெண்டு கையிலயும் புடிச்சு வீசிக்கலாமுங்க." இப்படியே எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை ஓடியது. பல்சக்கரத்தில் துளை போடப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னார். அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது அக்கா சந்தகை செய்துகொண்டிருந்தாள். முக்காலிச் சந்தகை மிஷினில் வெந்த மாவுருண்டையைப் போட்டால், மேலே உள்ள கைப்பிடியைத் திருகத் திருக நூல் நூலாக இறங்கும். மாமா இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு, வலது கையால் அந்தக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒரே சீராக, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாமா, அந்தக் கையில சுத்த முடியுதுங்களா?"

"சுத்தறதுக்கென்னங்க. வீசத்தான் ஆகாது."

இத்தனை நாள் இரண்டு பேரும் கைப்பிடியையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம்! வலது கை சுற்றும், வீசாது. அப்படியென்றால் இடது கையால் வீசி, வலது கையால் சுற்ற வேண்டியதுதானே? அதற்கு வலது பக்கக் கைப்பிடிதான் சரி. அந்த ரீலில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. ரீல் தேர்ந்தெடுப்பதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற எனக்கு இது தோன்றவில்லை, குறுக்கே சாஃப்ட் விடுகிற மாமாவுக்கும் தோன்றவில்லை. அக்கா சந்தகைத் தட்டை வாங்கிக்கொண்டு, "இதுக்கா இத்தனை நாளு சண்டை போட்டீங்க?" என்றாள்.

தேங்காய்ப் பாலைக்கூட ஊற்றிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்தோம். பிரேக் கட்டைகள் அத்தனையையும் பூட்டினேன். கொக்கியில்லாமல் ஒரு ஈயக்கட்டியை மட்டும் கட்டி, கம்பை அவர் இடது கையில் கொடுத்தேன். முதல் வீச்சு வேப்பமரத்தடியில் மேய்ந்த கோழிக்கு முன்னால் விழுந்தது, கோழி திட்டிக்கொண்டே ஓடியது. நான் வழக்கம்போல ஊசியை எடுத்துக்கொண்டு ரீலைப் பார்த்தேன். சிக்கில்லை. இன்னொரு முறை வீசினார். அப்போதும் சிக்கில்லை. மாமா தன் இடது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மணி, இந்த வெரல்ல நூலு தெரியுதுங்க."

"அப்ப அந்த விரல்ல?"

"அதுல எங்கீங்க தெரியும்? மோட்டாருக்குக் கம்பி இழுத்து இழுத்து மரத்துப்போயி வருசமாச்சு."

வலது கட்டைவிரலை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன், பழைய செருப்பின் குதிகால் மாதிரி இருந்தது. ஒரு ஆடி முழுக்க, 'விரலுக்குத் தெரியுமே, விரலுக்குத் தெரியுமே' என்று நான் கத்தியது இந்த விரலிடம்தான். "இதை ஏனுங்க முன்னாடியே சொல்லல?" என்றேன். மாமா ரொம்ப மரியாதையாகச் சொன்னார், "நீங்க கேக்கலீங்களே."

வரும் ஞாயிறு, காற்று எழுவதற்கு முன்னால் பாறைக்குழிக்குப் போகிறோம். தவளையை நான் கட்டித் தருவேன். இடது கையால் மாமா வீசுவார், பாசி ஓரத்துக்குப் பதினைந்தடி போனால் போதும். விரால் இரையைக் கவ்வினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கம்பைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும் என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது. அவர் அண்ணனும் வருகிறாராம், மாடில்லாமல், சும்மா பார்க்க. நேற்று சாயங்காலம் போன் வந்தது. பின்னால் கடை ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. "கேளுங்க அம்மணி" என்று போனை ரீலுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டினார். சர் என்று தொடங்கி உடனே நின்றுவிட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு டைட்டா இருக்குது. ஒரே ஒரு பிரேக்க மட்டும் கழட்டிப்போட்டா..." எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ரீலுக்கான சின்ன ஸ்க்ரூ டிரைவரைப் போன ஞாயிறே என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர் கையில் வேறொன்று அகப்படாமல் இருக்க வேண்டும், அதுவும் மோட்டார் கடையில்.