ஆசைதான் என்று சொன்னவர்

பஸ் பணிமனையின் ஸ்டோர் ரூமில் அவளுக்கு வேலை. கம்பி வலைக்கு உள்ளே அவள், வெளியே மெக்கானிக்குகள். பல்பு வேண்டும், பிரேக் லைனிங் வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "எதுக்கு?" தேய்ந்துபோன பழசை மேசையில் கொண்டுவந்து வைத்தால்தான் புதுசு கைக்கு வரும். கேள்விக்குறியே கொக்கி மாதிரி இருப்பதால், அவளுக்குக் கொக்கி அக்கா என்று பெயர் விழுந்தது. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. மனுஷர்கள் கேட்பதில் முக்கால்வாசி ஆசை, கால்வாசிதான் தேவை என்பது அவளுடைய அனுபவம்.

வீட்டிலும் அதே கொக்கிதான். அவளுடைய சம்பளமும், கணவரின் சலூன் வருமானமும் அவள் கையில்தான் சேரும். அவரோ இது வேண்டும் அது வேண்டும் என்று வாய் திறந்ததே இல்லை. அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று கேட்க ஆரம்பித்தார்.

முதலில், சத்தம் பெரிதாக வரும் ஒரு போன்.

"இருக்குற போனுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஆசைதான்."

பிறகு, சலூன் சுவரை அடைத்து ஒரு கண்ணாடி.

"இருக்குறதுல மூஞ்சி தெரியலையா?"

"தெரியுது. பெருசா இருந்தா நல்லாருக்கும்னு ஒரு ஆசை."

இரண்டுக்கும் அவள் கையை விரித்துவிட்டாள். ஆனால் கண்ணாடி விஷயம் மனதில் முள்ளாகத் தைத்தது. பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லப்போக, "இந்த வயசுல ஆம்பளைக்குக் கண்ணாடி மேல ஆசை வந்தா, நாம கண்ணைத் தொறந்து வச்சிருக்கணும்க்கா" என்று அவள் எரிகிற தீயில் எண்ணெயை வார்த்தாள்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே இருந்தது. ஊர்க்கதை அத்தனையும் நாக்கு நுனியில் வைத்திருந்த மனுஷன் வீட்டில் வாயே திறப்பதில்லை. அவள் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "சரி" என்றார். குழாயில் தண்ணி வரவில்லை என்றாலும் சரி, தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றாலும் சரி. பெண்டாட்டி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற புருஷன் எதையோ மறைக்கிறான். பக்கத்திலேயே போன் அடித்தாலும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு எதிரில் பேச முடியாத ஆளாக யார் இருக்கிறார்கள்? அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையைத் துழாவினாள். பல் உடைந்த சீப்பு ஒன்று வந்தது. அதையும் மோந்து பார்த்தாள்.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சலூனுக்குப் போனாள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கணவர் அவர்மேல் குனிந்து நின்றார். அவள் ஓசைப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்தாள். அங்கே வேறு யாரும் இல்லை. அதுவே அவளுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

வங்கிக்காரர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "மீசையை விட்டுடுங்கண்ணே" என்றார். பெஞ்சில் இருந்த அவளுக்கே தெளிவாகக் கேட்டது.

"சரி" என்று சிரித்தார் கணவர். ஒரே இழுப்பு. பாதி மீசை கத்தியோடு வந்துவிட்டது.

"விட்டுடுங்கன்னுதானே சொன்னேன்?"

கணவரின் முகம் வெளுத்தது. "எடுத்துடுங்கன்னு கேட்டுச்சுண்ணே."

பாதி மீசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மீதியும் போயிற்று. வங்கிக்காரர் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டு காசு கொடுக்காமலே இறங்கிப் போனார்.

கணவர் முதுகைக் காட்டிக் குனிந்து முடியைப் பெருக்கத் தொடங்கினார். அவள் செய்தித்தாளை இறக்கினாள். ஏதோ தோன்றி, "நான் வீட்டை விட்டே போறேன்" என்றாள். துடைப்பம் நிற்கவில்லை. "கடை தீப்பிடிச்சிருச்சு" என்றாள் இன்னும் உரக்க. துடைப்பம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போன் ஏன் பெரிய சத்தத்தோடு வேண்டியிருந்தது, கண்ணாடி ஏன் சுவரை அடைக்க வேண்டியிருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பின்னால் நின்று முடி வெட்டுகிறவர், நாற்காலியில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தாக வேண்டுமே.

நிமிர்ந்தபோது அவர் அவளைப் பார்த்தார். "நீ எப்ப வந்த?"

அவள் அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். "எத்தனை நாளா காது கேக்கலை?"

அவர் அவளுடைய உதட்டையே பார்த்தார். "வருஷம் ஒண்ணாச்சு."

"அதைச் சொல்லாம எல்லாத்தையும் ஆசை ஆசைன்னு சொன்னீங்களே?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தேவைன்னு சொன்னா எதுக்குன்னு கேப்ப. செவிடாயிட்டேன்னு என் வாயால சொல்லணும். ஆசைன்னு சொன்னா ரெண்டு திட்டோட போயிடும்."

சட்டைப் பை வரைக்கும் சந்தேகப்பட்டவளுக்கு, ஒரு சாண் மேலே இருந்த காதைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டுக் காது மெஷின் கடைக்குப் போனார்கள். விற்பனைக்காரர் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து வைத்தார். "இதுல குருவி சத்தம்கூடத் தனியாக் கேக்கும்மா."

"குருவி இவர்கிட்ட முடிவெட்ட வராது. மனுஷங்க பேசுறது கேட்டா போதும்."

"நாலு கலர்ல இருக்கு."

"எதுக்கு?"

காதில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது. நடுத்தர விலையில் ஒன்றை எடுத்தார்கள்.

வெளியே வந்ததும், "இனிமே அந்தக் கண்ணாடி வேண்டாம்ல?" என்றாள்.

"அது இப்ப நிஜமாவே ஆசை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சலூனிலிருந்து போன் வந்தது. ஃபேன் காதைக் குடைகிறதாம், புதுசு வாங்க வேண்டுமாம். நேற்று வரை குடையாத ஃபேனா? வேலை முடிந்ததும் நேரே போய், அதன் அடியில் நின்று அண்ணாந்து கேட்டாள். உண்மையாகவே கிறீச்சென்று கத்திக்கொண்டுதான் இருந்தது. சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எண்ணெய்ப் புட்டியோடு ஏறினாள்.

"ரெண்டு சொட்டு விட்டுப் பாப்போம். ஸ்டூலைப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

அவர் பிடித்துக்கொண்டார்.