பேட்டரி இல்லாத லேப்டாப்புக்கு ஒரு ஃபைல் சிஸ்டம்

தறி ஓட்ட முடியாதபடி முதுகு போன பிறகு, சேலைக் கரைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் வேலைதான் எனக்கு மிஞ்சியது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்ப வேண்டும். அதற்கு நான் படித்த அஞ்சாம் வகுப்பு போதும். பள்ளிபாளையத்தில் ஒரே ஒரு தறி முதலாளி எனக்கு வேலை கொடுத்தார். அவர் நிறுத்தினால் இன்னொருவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வராது.

லேப்டாப் பழையது. பேட்டரி உப்பிவிட்டதால் கழற்றிவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டினேன். விண்டோஸ் அதில் நகரவே இல்லை. பவானியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினன் அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தர வந்தான்.

"டிஸ்க்குக்கு எந்த ஃபைல் சிஸ்டம் போடட்டுங்க மாமா? ஃபைலையெல்லாம் உள்ள அடுக்கி வெக்கற முறைங்க."

"எனக்கென்ன தெரியும் மாப்ளே."

"எக்ஸ்ட் டூ லேசு, வேகமா ஓடும். ஆனா கரண்டு போனா படுத்துக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸுல பழைய நகலெல்லாம் வெச்சுக்கலாம். ஆனா கனமுங்க, இந்த மெசினுக்கு மூச்சு வாங்கும். நடுவுல எக்ஸ்ட் ஃபோர். செய்யற வேலைய முன்னாடியே குறிச்சு வெச்சுக்கும். கரண்டு போயி வந்தா அதைப் பாத்து நிமுந்துக்கும்."

"அவருக்கு எதுக்குடா வேகம்? ஒரு பூவுக்கு ஒரு வாரம்" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

எக்ஸ்ட் ஃபோர் போடச் சொன்னேன். தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டுவோம். இதுவும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பல மாதம் அப்படித்தான் நடந்தது. தெருவில் தறிகள் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி லேப்டாப் அணையும். திரும்பப் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் எழும். பென் டிரைவில் நகல் எடுப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

தீபாவளிச் சேலைக்கு ஒரு மாங்காய்க் கரை. வரைந்து முடித்து, சேமிக்கும் பொத்தானை அழுத்திய நேரத்தில் கரண்டு போனது. வந்ததும் லேப்டாப் வழக்கம்போல் எழுந்தது. ஃபைலின் பெயர் இருந்தது. அளவு பூஜ்யம் என்று காட்டியது. மச்சினனுக்குப் போன் செய்தேன்.

"எக்ஸ்ட் ஃபோரு கதவு சன்னல் சரியா இருக்குதான்னுதானுங்க மாமா பாக்கும். ஊட்டுக்குள்ள இருக்கற சாமானுக்கு அது பொறுப்பில்லீங்க."

"அந்தக் கனமானதைப் போட்டிருந்தா?"

"பழைய நகல் கெடச்சிருக்கும். ஆனா உங்க மெசினு அதை இழுக்கோணுமில்லீங்க."

முதலாளியிடம் சொன்னேன்.

"மறுபடி எப்பத்திக்குங்க ஆவும்?"

"மொதல்ல இருந்து வரையோணுங்க."

"சரி உடுங்க. ஈரோட்டுல ஒருத்தரு சீக்கிரமா போட்டுத் தாரேங்கறாரு. இனி அவரே பாத்துக்கட்டும். நீங்க உடம்பப் பாத்துக்கங்க."

"சரிங்க" என்றேன். திட்டியிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் அதே கரையை முதலிலிருந்து வரைய உட்கார்ந்தேன். வாங்க ஆள் இல்லை என்று தெரியும். இரண்டாவது மாங்காயில் கரண்டு போனது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.