அப்பாவின் நெற்றியில் என் ஒரு ரூபாய்

காசு சேர்ப்பவர்களை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும். ஒன்று கஞ்சன், இல்லாவிட்டால் கிறுக்கு. கஞ்சத்தனம் பண்ணுகிற அளவுக்கு என் கையில் யாரும் எதையும் கொடுத்து வைக்கவில்லை. அதனால் எனக்குக் கிறுக்குப் பட்டம் வந்து சேர்ந்தது. முதலில் அதைக் கொடுத்தவர் அப்பா. கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் அதை அப்படியே கைமாற்றி வாங்கிக்கொண்டார். அடையாறில் எங்கள் பிளாட்டுக்கு யார் வந்தாலும், "இவளுக்குக் காசுன்னா உசுரு, ஆனா கடையில குடுத்தா எவனும் வாங்க மாட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார். முப்பது வருஷமாக அதே ஜோக், அதே சிரிப்பு. வந்தவர்களும் காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள்.

அப்படி ஒன்றும் பெரிய புதையல் இல்லை என்னுடையது. நடுவில் ஓட்டை போட்ட காலணா, விளிம்பு நெளிநெளியாக இருக்கும் பத்து பைசா, சதுரமான ஐந்து பைசா, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட செப்புக்காசு. எல்லாம் பிளாஸ்டிக் பைகள் தைத்த ஒரு ஆல்பத்தில் இருந்தன. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட்டுகளும் என் மகனின் முதல் பல்லும். பல்லைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் காரணம் கிடையாது. எனக்கு வைத்துக்கொள்ளத் தோன்றியது, வைத்துக்கொண்டேன்.

அந்த ஆல்பத்தில் உயர்ந்தது எது என்று கேட்டால், ஒரு சாதாரண ஒரு ரூபாய்க் காசு. பழைய கெட்டி ரூபாய். இப்போது வருகிறதே சட்டைப் பொத்தான் மாதிரி, அது இல்லை. அச்சடிக்கும்போது அந்தக் காசு கொஞ்சம் நகர்ந்துவிட்டது போல. ஒன்று என்ற எண் ஓரத்துக்குப் போய்ப் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அதற்கு நேரெதிர் ஓரத்தில் எழுத்தும் இல்லை, கோடும் இல்லை, பிறை வடிவத்தில் மொழுமொழுவென்று வெற்றிடம். காசு சேர்க்கிறவர்கள் இதற்கு எரர் காயின் என்பார்கள். அந்த வெற்றிடம்தான் அதன் மதிப்பே. ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரி அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேடம், இத எனக்குக் குடுத்துடுங்க. வெலைய நீங்களே சொல்லுங்க" என்றார். விற்பதற்கில்லை என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்லுவாங்க" என்று கார்டை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அது அப்பா கொடுத்தது. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே சென்னைக்கு வந்து, தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பாத்திரக் கடை போட்டார். பள்ளிக்கூட லீவில் கல்லாவில் என்னைத்தான் உட்கார வைப்பார். எனக்குக் கை வேகம், கண்ணும் கூர்மை. நான் பெரியவளானதும் அது நின்றது. "பொம்பளப் புள்ள கல்லாவுல உக்காந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்று சொல்லிவிட்டு, என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பியை உட்கார வைத்தார். பதினெட்டையும் இருபத்தேழையும் கூட்டச் சொன்னால்கூட அவன் அப்போது விரல் விட்டு எண்ணுவான். நான் கல்லாவில் இருந்த கடைசி நாளன்று ஒரு வாடிக்கைக்காரர் இந்த ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்டார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தா, இத நீ வச்சுக்க. எவனும் வாங்க மாட்டான்" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

சரி, இதுதானா என்று கேட்கலாம். இதுதான். கல்யாணத்துக்கு நகை போட்டார், அண்டா குண்டாவெல்லாம் சீர் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. அதெல்லாம் ஊருக்காகச் செய்தது. சம்பந்தி முன்னால் பரப்பி வைத்துக் காட்டுவதற்காகச் செய்தது. யாரும் பார்க்காதபோது, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், அவர் எனக்கு என்று கொடுத்தது இந்த ஒன்றுதான். அவர் அதை மறந்திருப்பார். எனக்கு அது போதும்.

கடைசி இரண்டு வருஷம் அப்பா என் வீட்டில்தான் படுத்திருந்தார். தம்பி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால் என்றார்கள். கடையை எழுதிக் கொடுக்கும்போது அந்த மாடியையும் சேர்த்துத்தானே எழுதிக் கொடுத்தார், அப்போது லிஃப்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான் குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், துணி மாற்றுவேன். பார்க்க வருகிறவர்களிடம் அவர் மெதுவாக, "மக வீட்டுல சோறு திங்கற நெலமைக்கு வந்துட்டேன் பாத்தியா" என்பார். சோற்றைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நிற்பேன். பகலில் அவர் கட்டிலருகே மேஜையைப் போட்டுக்கொண்டு ஆல்பத்தைப் பிரித்து வைத்து உட்காருவேன். ஒருநாள்கூட அது என்ன என்று அவர் கேட்டதில்லை. கேட்டதெல்லாம், "கடையில இன்னைக்குக் கூட்டமாமா? தம்பிக்குப் போனப் போடு."

ஒரு காலையில் இரண்டு வாய் இட்லி வாங்கிக்கொண்டார், மூன்றாவது உள்ளே போகவில்லை. போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் வீடு நிரம்பிவிட்டது. வடபழனியிலிருந்து அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, வந்து இறங்கி எல்லாப் பொறுப்பையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டி வந்துவிட்டது என்று போன் வர, நான் கீழே போனேன். பெட்டிக்காரர், "லிஃப்ட்ல பொட்டி போவாதும்மா. படியிலதான் தூக்கணும், நாலு ஆளு வேணும்" என்றார். ஆள் பிடித்து, படி படியாக அவர்கள் தூக்குவதைப் பார்த்து நின்றுவிட்டு மேலே வந்தேன். அதற்குள் அப்பாவுக்கு வேட்டி கட்டி, விபூதி பூசி, நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் காசு ஒட்டியிருந்தார்கள்.

என் காசு. ஓரம் வெட்டுப்பட்ட ஒன்று, எதிரே பிறை. நான் வாசலில் நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வழக்கத்தில் நெற்றிக்காசு இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது. அத்தை, "ஆராவது ஒத்த ரூவா துட்டு குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அறையில் பன்னிரண்டு பேர். ஒருவரிடமும் இல்லை. கீரைக்காரம்மாவுக்கே போனில் பணம் அனுப்புகிற காலம். தம்பி பர்ஸை விரித்துக் காட்டினானாம், நாலு கார்டு. அப்போதுதான் மேஜை மேல் ஆல்பம் அத்தை கண்ணில் பட்டிருக்கிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. அதிலும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். "மத்ததெல்லாம் ஓட்டக் காசும் பாசி புடிச்ச காசுமாக் கெடந்துச்சு. அது ஒண்ணுதான் நல்ல ரூவாயா இருந்துச்சு" என்றாள்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது அந்தக் காசை. என் மனதில் முதலில் ஓடியது, சந்தனம் ஈரமாக இருக்கிறதே, கறை பிடிக்குமே என்பது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

அத்தை காதருகே குனிந்து, "அத்தே, அது என் காசு. வேற தரேன்" என்றேன்.

"ஏட்டி, பெத்த தகப்பனுக்கு ஒத்த ரூவா குடுக்க மாட்டியா?" என்றாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. பன்னிரண்டு தலையும் திரும்பியது. நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் விட மனசில்லை. எடுப்பதற்குள் வேறு ஒரு ரூபாய் கிடைத்தால், பூ வைப்பது போலக் குனிந்து மாற்றிவிடலாம் என்று பட்டது. மத்தியானம் வண்டி வந்து நின்ற நேரத்தில், தலை வலிக்கிறது, மாத்திரை வாங்கி வருகிறேன் என்று தெருவில் இறங்கினேன். டீக்கடையில் இல்லை. மருந்துக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய்தான் வைத்திருந்தான். கடைசியில் பிள்ளையார் கோயில் வாசல் பூக்காரம்மா, "இன்னாம்மா, ஒரு ரூவாக்கா இப்டி ஓடியார? இந்தா, எடுத்துக்கினு போ" என்று சுருக்குப் பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தாள். ஓட்டமும் நடையுமாகத் திரும்பினால், அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். நெற்றியில் காசு இல்லை, சந்தன வட்டம் மட்டும் இருந்தது. அத்தை காசை மஞ்சள் துணியில் முடிந்து தம்பி கையில் கொடுத்திருந்தாள். "பெரியவுக நெத்திக்காசுடா. கல்லாவுல போட்டு வையி. கட தழைக்கும்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை போட்டிருந்தார்கள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அது என் ஆல்பத்துக் காசு, எனக்குச் சின்ன வயதில் அப்பா கொடுத்தது, நான் வேறு காசு தருகிறேன் என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அக்கா, அது அப்பா நெத்தியில இருந்த காசு. வேற காசுன்னா என்னக்கா அர்த்தம்?"

அவன் சொன்னது சரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கடை உனக்கு, மாடி உனக்கு. ஒரு ரூபாயும் உனக்குத்தானா?" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் பேச்சு நின்றது. சாயங்காலத்துக்குள் சொந்தத்தில் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விட்டது: அப்பன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகலை, மூத்தவள் பங்கு கேட்க ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர்கூட அன்று ராத்திரி, "வக்கீலப் பாக்கணும்னா சொல்லு" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தம்பியும் நானும் பேசவில்லை. நான் தனியாக இருந்தபோது அவனை என்னவெல்லாமோ சொல்லித் திட்டினேன். கல்லாப்பெட்டியில் மஞ்சள் துணிக்குள் என் காசு புழுங்கிக் கறுப்பதை நினைத்து நினைத்து வயிறு எரிந்தேன். இந்த வயசில் ஒரு ரூபாய்க்காக.

ஆடியில் ஒருநாள் போன் செய்தான். "கடைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போக்கா." தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். உட்கார ஸ்டூல் போட்டான், டீ வரவழைத்தான். கடையில் நாலைந்து பேர் குடம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கல்லாவைத் திறந்து ஒரு புதுக் குங்குமச் சிமிழை எடுத்து என் கையில் வைத்தான்.

"யோசிச்சுப் பாத்தேன்க்கா. ரெண்டு வருஷம் அப்பாவத் தூக்கி எடுத்தது நீதான். நெத்திக்காசு உன்கிட்ட இருக்கறதுதான் நியாயம். அத்த ஏசும், ஏசட்டும்."

அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வந்தது. மூடியைத் திறந்தேன்.

காசு பளபளவென்று கிடந்தது. பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் சக்கரத்தில் கொடுத்து எடுத்திருக்கிறான். பழைய காசைத் தண்ணீரில்கூடக் கழுவக் கூடாது என்பது இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களின் முதல் பாடம். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். பிறையைப் பார்த்தேன். பாத்திரம் வாங்குகிறவர்களுக்குப் பேர் வெட்டிக் கொடுக்கும் மெஷின் எல்லாப் பாத்திரக் கடையிலும் இருக்குமே, அதை வைத்து, மொழுமொழுவென்று இருந்த அந்த இடம் முழுக்கப் புள்ளி புள்ளியாக 'அப்பா' என்று வெட்டியிருந்தான்.

"இந்த எடம் மட்டும் சும்மா காலியாக் கெடந்துச்சுக்கா. வெட்டுறதுக்குன்னே விட்ட மாதிரி. சரியாப் புடிச்சுது பாரு. கடப் பசங்ககிட்ட குடுக்கல, நானே வெட்டுனேன்" என்றான்.

அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. குடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி பதறிப்போய்க் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அழாதக்கா. அப்பா எங்கயும் போகல, உன் கையிலயேதான் இருக்காரு" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அப்பா போன அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல்நெஞ்சக்காரி என்று அத்தை வடபழனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இனிமேல் அவளிடம் இவன் போய், அக்கா கடையில் அப்பாவை நினைத்து எப்படி அழுதாள் தெரியுமா என்று சொல்லுவான்.

"நல்லா வெட்டியிருக்கடா" என்றேன்.