படத்தில் இடது, அவளுக்கு வலது

ஷட்டர்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே உதறிவிட்டு வந்தவர். யார் தயவும் இல்லாமல் கடை, வீடு, மகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் தன் முதுகில் தூக்கி நிறுத்தியவர். அவர் போட்டுக் கொடுத்த ஷட்டரை ஒற்றை விரலால் தூக்கலாம், அப்படியொரு கை. அவருடைய சொந்தக் கடை ஷட்டர் மட்டும் ஸ்பிரிங் தளர்ந்துபோய், பாதியில் நின்றுவிடும். அடுத்தவன் வேலையை முதலில் முடிப்போம், நம்முடையது எங்கே ஓடிப்போகிறது என்று விட்டுவிட்டார். உள்ளே வருகிறவர்கள் குனிந்துதான் வரவேண்டும்.

ஒருநாள் மதியம் டீ பிளாஸ்க்கோடு வந்த மனைவி குனிந்தாள், அது போதவில்லை. ஷட்டரின் கீழ்விளிம்பு வலது காதுக்கு மேலே நச்சென்று இடித்தது.

“ஷட்டர் நெளிஞ்சிருக்கா பாருங்கடா,” என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, தலையைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

சில வாரங்களில் தலைவலி என்று படுத்தாள். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, அவளுக்கு அது தெரியவே இல்லை. “வயசானா அப்படித்தான்,” என்று அவர் தட்டிக்கழித்தார். மகள்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அப்பாவையும் மகளையும் அறைக்குள் கூப்பிட்டார் டாக்டரம்மா. அவருக்கு மகள் வயதுதான் இருக்கும்.

“அம்மாவுக்குத் தலையில எப்பவாவது அடி பட்டுச்சாங்கய்யா?”

“இல்லம்மா. அப்படி ஒண்ணும் இல்ல.” அவரைக் கேட்காமலே நாக்கு சொல்லிவிட்டது. மகள் பக்கத்தில் இருந்தாளே.

டாக்டரம்மா திரையைத் திருப்பினார். “சுத்தி வெள்ளையா இருக்கறது எலும்பு. உள்ள சாம்பல் நிறத்துல இருக்கறது மூளை. கறுப்பா இருந்தா தண்ணி. புது ரத்தம் வெள்ளையாத் தெரியும், நாளாக ஆக அதுவும் மங்கிக் கறுத்துரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், நடுக்கோடு நேரா ஓடணும். அதைத்தான் முதல்ல பாப்போம்.”

கோட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? எதிர்சாரியில் நின்றே, ஷட்டர் ஓடும் சட்டம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சொல்லிவிடுகிற கண் அது. படத்தில் நடுக்கோடு வளைந்து ஒதுங்கியிருந்தது. அதை ஒதுக்கித் தள்ளியது எது என்பதும் தெரிந்தது. எலும்பை ஒட்டி, பிறைபோல, கறுத்த ஒரு பட்டை.

“இது பழைய ரத்தம். சில வாரமாவது ஆயிருக்கும்,” என்றார் டாக்டரம்மா.

ஷட்டர் இடித்த அந்த மதியத்திலிருந்து வாரங்களை எண்ணிப் பார்த்தார்; கணக்கு சரியாக வந்தது. உடனே இன்னொன்று கண்ணில் பட்டது: பட்டை இருந்தது படத்தின் இடது பக்கம். போன உயிர் திரும்பி வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப இது அந்த இடி இல்லம்மா. ஷட்டர் இடிச்சது வலது பக்கம். இது இடது பக்கமில்ல இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது உறைத்தது.

“எந்த ஷட்டர்ப்பா?” என்றாள் மகள்.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. “படுத்திருக்கறவங்களைக் கால்மாட்டுல நின்னு பாக்கற மாதிரிதான் இந்தப் படம் இருக்கும். உங்களுக்கு இடது, அவங்களுக்கு வலது. வலது பக்க மூளைதான் இடது காலைப் பாத்துக்குது. அதனாலதான் செருப்பு கழல்றது தெரியல. சின்ன ஓட்டை போட்டு வடிச்சுட்டா பெரும்பாலும் சரியாயிடும். ஆனா இன்னைக்கே செய்யணும்.”

மகள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மாவுக்கு மாற்றுத்துணி எடுத்துவரக் கிளம்பிவிட்டாள்.

வார்டில் மனைவிக்கு ஒரு பக்கம் முடி மழித்திருந்தார்கள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? எனக்குத்தானே ஓட்டை போடப்போறாங்க.”

“டாக்டர் அடிபட்டுச்சான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.”

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எங்கிட்டயும்தான் மக கேட்டா. நானும் இல்லன்னுதான் சொன்னேன். உங்களைப் பிடிச்சுக்குவாளேன்னு.”

அவள் மறைத்தது அவருக்காக. அவர் மறைத்ததும் அவருக்காகவேதான். ஊரில் யாருக்கும் தலை குனியாத மனுஷன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டார். ஆள் வந்து கட்டிலைத் தள்ளத் தொடங்கியபோதும் கம்பியை விடவில்லை; விடச் சொல்லும்வரை கூடவே நடந்தார்.