வெள்ளிக்கிழமை லோடு

பல்லடம் பக்கத்தில் நான் வேலைக்குப் போகும் ஷெட்டில், பழைய காற்றாலை இறக்கைகளைத் துண்டு போட்டு, காற்றுப் புகாத இரும்பு அடுப்பில் வேக வைப்பார்கள். சூட்டில் பசையெல்லாம் ஆவியாகிவிடும். கண்ணாடி இழை மட்டும் கரி படிந்து மிஞ்சும். கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு அதைப் பிரிப்பது என் வேலை. முன்பு நூல் மில்லில் இருந்தவள். லோடுக்கு ஓர் இழை எடுத்து இழுத்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை நமைக்கும்.

புதன்கிழமை லோடு தாங்கும். வெள்ளிக்கிழமை லோடு பட்டென்று ஒடியும். வாங்குகிறவர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை ஒடிந்தால் அடுப்பையே நிறுத்திவிடப் போவதாக முதலாளியம்மா சொன்னார். அதைச் சொன்னபோது எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கதவைத் திறந்துவிட அடுப்புக்காரர் பறப்பார். அடுப்பு ஆறியிருக்காது. காற்றுப் பட்டதும் உள்ளே கரி கனன்று சிவக்கும். இழை கூடுதலாக வெந்துபோகும். தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் கதவுத் திருகில் கை வைத்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க."

"ராகு காலத்துல தொறக்கச் சொல்றீங்களா?"

"இல்லீங்க. அது முடியட்டுமுங்க. பன்னெண்டுக்கு மேல தொறந்தா அடுப்பும் ஆறிப் போயிருக்குமுங்க."

மேசையருகே நின்றிருந்த முதலாளியம்மா திரும்பினார். நான் புதன்கிழமை இழையையும் போன வெள்ளிக்கிழமை இழையையும் மேசையில் வைத்தேன். அவர் இழுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை இழை ஒடிந்தது.

"பொறுத்தே தொறங்க" என்றார்.

அடுப்புக்காரர் முறைத்தார். "இத்தன நாளா வாய ஊட்டுல வெச்சுட்டு வந்தீங்களா?"

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்தது. உள்ளே சிவப்பே இல்லை. எல்லாரையும் முந்திக்கொண்டு போனேன். நானா அது என்று இப்போதும் தோன்றுகிறது. ஓர் இழையை எடுத்து இழுத்தேன். பிறகு கொத்தாக எடுத்தேன்.

"அறுந்துச்சுங்களாம்மா?" என்றார் அடுப்புக்காரர்.

மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன். இருவரும் பலங்கொண்டு இழுத்தோம். நான்தான் ஓரடி முன்னால் தடுமாறினேன்; இழை அப்படியே இருந்தது.